முள்ளின் அடி எந்தப் பக்கம்?

இதில் எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்பதில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. ஜெமி சொல்லக் கேட்டுத்தான் எழுதுகிறேன். ஊரிலிருந்து அந்த போன் வந்தது மழை விட்ட பிறகா, விடுவதற்கு முன்பா என்று கேட்டால், அவளே ஒரு தடவை சொன்னதை மறு தடவை சொல்வதில்லை. அந்த முள் எப்படிக் கிடந்தது என்பதை மட்டும் எப்போது கேட்டாலும் ஒரே மாதிரி சொல்கிறாள். அது போதும் என்று தொடங்குகிறேன்.

"நாம வந்த ரோடும் போச்சு அண்ணாச்சி."

நனைந்த குடையை மடக்கிக்கொண்டே ஜெமி டீக்கடைக்குள் வந்தாள். முழங்கால் வரை செம்மண்.

"எங்கன?" என்றார் நல்லக்கண்ணு.

"நம்ம கார் ஏறி வந்த ஏத்தத்துலதான். நாம வார வரைக்கும் பொறுத்துக்கிட்டு இருந்து, வந்ததும் படுத்துட்டு. மேக்க ஒரு குழி, கிழக்க ஒரு குழி. நடுவுல நாம, ஒரு டீக்கடை, நாலு வீடு. எலிப்பொறிக்காவது மசால்வடை வைப்பாவ. இங்கன பால் கூட கிடையாது."

நல்லக்கண்ணு பதில் சொல்லவில்லை. தூத்துக்குடியில் ஒரு மாடி அறையில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவர் அவர். அவர் பேசாமல் இருக்கும் நேரத்தில் ஒரு வலையைப் பின்னி முடித்துவிடலாம் என்பது ஜெமியின் கணக்கு. அவள் புன்னைக்காயல்காரி, வலையைப் பற்றித் தெரிந்துதான் சொல்வாள். உதவியாளராகச் சேர்ந்த புதிதில் அந்த மௌனத்தைப் பார்த்து, தன்னை வேலையை விட்டு நிறுத்தப் போகிறார் என்று பயந்தாள். இப்போது அந்த இடத்தைத் தன் பேச்சால் நிரப்பிக்கொள்ளப் பழகிவிட்டாள்.

கடையைச் சுற்றி நாலாபக்கமும் தேரி. மலை என்று சொல்ல முடியாது. ஆனால் மலையைப் போல ஏறி இறங்கும் சிவந்த மணல் மேடு. அதன் உச்சியில் நாலைந்து வீடுகள், பனைகள், இந்தத் தகரக் கூரைக் கடை. கடற்கரையிலிருந்து மேற்கே மேலப்பொட்டலுக்குப் போகும் யூனியன் ரோடு இந்த உச்சியைத் தொட்டுத்தான் இறங்கும். இரண்டு நாளைக்கு முன்பு, விடாத மழையில் ரோட்டுக்கு அடியில் இருந்த மணல் கரைந்து, மேற்கு வளைவில் பாதி ரோடு உள்வாங்கியது. அன்று மத்தியானமே யூனியன் தினக்கூலி இசக்கிராஜா வழியை அடைக்க அனுப்பப்பட்டான். அன்று அந்திக் கருக்கலில், கடற்கரையிலிருந்து மீன் ஏற்றிக்கொண்டு மேற்கே போன குட்டியானை வண்டி அந்தக் குழிக்குள் விழுந்தது. மீதி ரோட்டையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. ஓட்டிய ஜெனோ, ஜெமியின் ஊர்ப் பையன். ஆஸ்பத்திரியில் இன்னும் கண் விழிக்கவில்லை.

இசக்கிராஜா வழியை அடைக்கவே இல்லை, வண்டி விழுந்த பிறகு பயந்துபோய் ஓடி வந்து முள்ளை வெட்டிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான் என்று ஓவர்சியர் எழுதிக் கொடுத்தார். போலீஸ் அவனை மேலப்பொட்டலில், அவன் வீட்டில் வைத்துப் பிடித்தது.

நல்லக்கண்ணுவைக் கூப்பிட்டது அவன் தங்கை முருகேஸ்வரி. இந்த டீக்கடைக்காரி.

"எங்கண்ணன் முள்ளு போட்டான் அண்ணாச்சி," என்றாள் அவள் இப்போதும், அடுப்பை ஊதியபடி. "நான் இங்கன நின்னு என் கண்ணால பாத்தேன். அதை மட்டும் நிரூபிச்சுக் குடுங்க. அவன் வெளிய வந்தா போதும். ரெண்டு பொட்டப்புள்ளைய வச்சிருக்கான்."

"நீங்களே போலீஸ்ல சொல்லலாம்லா அக்கா?" என்றாள் ஜெமி.

"தங்கச்சி சொன்னா எவன் நம்புதான்?"

அது நியாயம்தான். ஆனால் காலையில் லாக்கப் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று இசக்கிராஜா சொன்னது ஜெமிக்கு இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது. 'முள்ளு போட்டேன் சார். அதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க.' குற்றமே செய்யாதவன் எதற்கு வாயைக் கட்டிக்கொள்ள வேண்டும்?

"கடுங்காப்பியா மறுபடியும்?" என்று அலுத்துக்கொண்டார் மூலையில் இருந்த ஓவர்சியர் சிவப்பிரகாஷ். குழியை அளக்கக் காலையில் கிழக்குப் பக்கமாக ஜீப்பில் வந்தவர், அவரும் இப்போது மாட்டிக்கொண்டார். "கருப்பட்டி போட்டுக் குடிச்சுக் குடிச்சு நாக்கே கறுத்துப் போச்சு."

"பாலு மேலப்பொட்டல் சொசைட்டியில இருந்துதான் வரணும்," என்றார் கடைக்காரர் மகாராஜன். முருகேஸ்வரியின் கணவர். பனையிலிருந்து விழுந்ததில் அவருடைய ஒரு கால் மடங்காது. அதை நீட்டியபடியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "ரோட்டை நீரு ஒழுங்கா வச்சிருந்தா பாலு வந்திருக்கும்."

"நான் என்ன மழையையா கான்ட்ராக்ட் எடுத்திருக்கேன்?"

நல்லக்கண்ணு எழுந்தார். "ஜெமி. வா."

மழை தூறலாக இளைத்திருந்தது. மேற்கு வளைவில் தேரியை வெட்டித்தான் ரோடு போட்டிருந்தார்கள். வலது கைப் பக்கம் ஆள் உயரத்துக்கு மேல் செம்மண் சுவர், இடது கைப் பக்கம் கிடுகிடு பள்ளம். சுற்றிப் போக வழியே கிடையாது. சுவரிலிருந்து மணல் சர்ர்ரென்று சரிந்துகொண்டே இருந்தது. யாரோ பக்கத்தில் நின்று மூச்சு விடுவதைப் போல இருந்தது என்று ஜெமி சொன்னாள். குழிக்குச் சற்று முன்னால் ரோட்டை மறித்துக்கொண்டு உடைமரக் கிளைகள் கிடந்தன. அதைத் தாண்டிக் குழி. அதன் ஓரத்தில் ஓர் ஆள் ஒட்டி நடக்கும் அளவுக்கு மண் விளிம்பு. எதிர்க்கரையில் ஒரு மரத்தடியில் யாருடையதோ ஒரு டி.வி.எஸ். வண்டி, இருக்கையில் சாக்கு போட்டபடி.

"வண்டி விழுந்த பிறகு இந்த முள்ளை யாராவது தொட்டாங்களா?" என்று திரும்பிக் கேட்டார் நல்லக்கண்ணு.

பின்னால் குடையோடு வந்த சிவப்பிரகாஷ் தூரத்திலேயே நின்றுகொண்டார். "தொடல. போலீஸும் ஆம்புலன்ஸும் குழிக்கு அந்தப் பக்கம்தான் வந்தாங்க. நான் அன்னைக்கு ராத்திரி வந்தப்பவும் இப்படியேதான் கிடந்துச்சு."

நல்லக்கண்ணு குந்தி உட்கார்ந்து பார்த்தார். அவர் பார்க்கும் நேரத்தில் ஜெமி ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறினாள், கொட்டாவி விட்டாள், ஓவர்சியரின் குடையில் எத்தனை கம்பி ஒடிந்திருக்கிறது என்று பார்த்தாள்.

"அண்ணாச்சி, முள்ளு ஏதாவது வாக்குமூலம் குடுக்கா?"

"குடுக்கு. அங்கன ஒரு கிளை தனியாக் கிடக்கு பாரு. அதை எடுத்து இந்த இடுக்குல அடை."

"நானா? எனக்கு வலை இழுக்கத்தான் தெரியும். முள்ளு இழுக்கத் தெரியாது."

"தெரியாதவதான் வேணும்."

முனகிக்கொண்டே ஜெமி போனாள். கிளையின் தழைப்பக்கம் முழுக்க விரல் நீள வெள்ளை முள். வெட்டுப்பட்ட அடிப்பக்கத்தில் மட்டும் கை வைக்க இடம் இருந்தது. அதைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்தாள். இடுக்குக்கு நேரே வந்ததும் திரும்பி நின்று, தழையை முன்னால் விட்டு உள்ளே தள்ளினாள்.

"இப்ப அடி எந்தப் பக்கம் இருக்கு?" என்றார் நல்லக்கண்ணு.

"என் பக்கம்."

"ஏன்?"

"அந்தப் பக்கம் பூரா முள்ளுல்லா? கையில குத்தவா?" சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

"எங்க ஊர்ல தோட்டத்து வேலியில ஆள் நுழைய ஒரு இடைவெளி விட்டிருப்போம். கடவுன்னு சொல்லுவோம்," என்றார் நல்லக்கண்ணு. தாமிரபரணிக் கரையில் வயல் வைத்திருந்த குடும்பம் அவருடையது. "சாயங்காலம் கடவை முள்ளு வச்சு அடைப்போம். யார் அடைச்சாலும் அடி அவன் நிக்கிற பக்கம்தான் இருக்கும். முள்ளு வெளிய நிக்கிறவனுக்கு. சரி, இசக்கிராஜா வீடு எங்க?"

"குழிக்கு அந்தப் பக்கம். மேலப்பொட்டல்ல."

"இதை அடைச்சுட்டு அவன் எந்தப் பக்கம் போவான்?"

"குழிப் பக்கம்தான். வேற வழி ஏது? அந்த ஓரமா நடந்து வீட்டுக்குப் போவான்." ஜெமி குனிந்து பார்த்தாள். ஒரு கிளை, அடுத்த கிளை, அதற்கடுத்தது. அத்தனை அடியும் உச்சியைப் பார்த்து, டீக்கடையைப் பார்த்துக் கிடந்தன. "அண்ணாச்சி! இதை அடைச்சவன் இந்தப் பக்கம் நின்னிருக்கான்."

"ம்."

"அப்போ ஓவர்சியர் சொல்லுத மாதிரி, வண்டி விழுந்த பிறகு இசக்கிராஜா வந்து போட்டான்ங்கிறது பொய். அவன் போட்டிருந்தா அடி குழியைப் பாத்துல்லா இருக்கும்? இங்கன இருக்கிற யாரோ முள்ளை எடுத்திருக்கான். வண்டி விழுந்ததும் பழையபடி அடைச்சிருக்கான்."

"எடுக்க ஒரு கம்பு போதும். தள்ளிவிட்டுருலாம். அடைக்கத்தான் கையால பிடிக்கணும்."

சரிந்த மணலில் ஒரு பிடி அவர் தோளில் விழுந்தது. தட்டிவிடாமல் நின்றார்.

"சந்தோஷப்படுங்க அண்ணாச்சி. கேஸ் முடிஞ்சுது."

"பாதி," என்றார் அவர்.

கடைக்குத் திரும்பியபோது மழை மறுபடி தகரத்தில் அறைந்தது. கூரைக்குக் கீழே ஐந்து பேர். வெளியே போக முடியாதவர்களுக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதைத் தவிர வேலை இல்லை. அந்த ஐந்தில் ஒரு கைதான் முள்ளை அடைத்த கை என்று ஜெமிக்கு உள்ளுக்குள் உறுதியாகத் தோன்றியது. தன்னையும் நல்லக்கண்ணுவையும் கழித்தால் மூன்று. ஓவர்சியர் முகத்தைப் பார்த்தாள். இசக்கிராஜா முள் போட்டான் என்று ஆகிவிட்டால், 'முள் மட்டும்தானா? வழி மறிக்கத் தார்ப் பீப்பாய் எங்கே? சிவப்பு விளக்கு எங்கே?' என்ற கேள்வி அவரிடம்தான் வரும். பொய் சொல்ல அவருக்குக் காரணம் இருந்தது. ஆனால் அவர் வந்தது விபத்துக்குப் பிறகு.

"இன்னொரு கடுங்காப்பியா?" என்று டம்ளரைப் பார்த்து முகம் சுளித்தார் சிவப்பிரகாஷ். "அன்னைக்கு மட்டும் எப்படிக்கா குடுத்தீங்க? ஆக்சிடெண்ட் கேள்விப்பட்டு ஓடி வந்தேன்ல, அப்போ ஏலக்காய் தட்டிப்போட்டுப் பால் டீ. வந்தவங்க அத்தனை பேருக்கும். காசும் வாங்கல."

"சும்மா குடியும்வே!" என்று மகாராஜன் சீறினார். தேவைக்கு மேலேயே சீறினார்.

நல்லக்கண்ணு தன் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். அந்த மௌனம் ஜெமிக்குத் தெரிந்த மௌனம். அதைக் கலைக்க வாய் திறந்தபோதுதான் அவளுடைய போன் அடித்தது.

ஊரிலிருந்து அத்தை. சிக்னல் விட்டுவிட்டு வந்தது. ஜெமி 'ம்' என்றாள். மறுபடியும் 'ம்' என்றாள். போனைக் காதிலிருந்து எடுக்காமலே திரும்பினாள்.

"ஜெனோ போயிட்டான்," என்றாள். "கோயில்ல துக்க மணி அடிச்சுட்டாவளாம்."

முருகேஸ்வரி கையிலிருந்த பாத்திரத்திலிருந்து காப்பி டம்ளருக்குள் விழுந்துகொண்டே இருந்தது. டம்ளர் நிரம்பியது, மேசையில் வழிந்தது, தரையில் சொட்டியது. அவள் நிறுத்தவில்லை.

ஜெமி போனை இறக்கினாள். மகாராஜனைப் பார்த்துத் திரும்பினாள். "நீருதானவே முள்ளை எடுத்தீரு? டீயைப் பத்திப் பேசினதும் ஏன் பாய்ஞ்சீரு? சொல்லும்!"

"ஆமா," என்றார் மகாராஜன் உடனே. "நான்தான் எடுத்தேன். எழுதிக்கிடுங்க. என்னையக் கூட்டிட்டுப் போங்க."

கேட்டதும் கிடைத்துவிட்ட பதில். ஜெமி திகைத்து நல்லக்கண்ணுவைப் பார்த்தாள். அவர் மகாராஜனின் நீட்டிய காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டி.வி.எஸ். ஓட்டுவீங்களா அண்ணாச்சி?" என்றார்.

மகாராஜன் தலை குனிந்தார்.

"குழிக்கு அந்தப் பக்கம் ஒரு வண்டி நிக்கு. பின்னால ரெண்டு பக்கமும் பால் கேன் மாட்டுத கொக்கி. வழி மத்தியானமே அடைச்சாச்சு. பாலு மேக்க இருந்துதான் வரணும். ராத்திரி வந்தவங்களுக்கெல்லாம் பால் டீ கிடைச்சிருக்கு." நல்லக்கண்ணு குரலை உயர்த்தவே இல்லை. "முருகேஸ்வரி. உக்காரும்மா."

அவள் உட்காரவில்லை. பாத்திரத்தை அடுப்பில் வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள்.

"பாதி ரோடு நல்லாத்தான் கிடந்துச்சு அண்ணாச்சி. சின்ன வண்டி தாராளமாப் போவும். கம்பை விட்டு முள்ளை ஓரமாத் தள்ளிட்டுப் போனேன். திரும்பி வரும்போது ரெண்டு கேனும் நிறைஞ்சிருக்கும், வண்டியை நிறுத்தி இறங்க முடியாது. இந்தா வந்துருவோம்லா, வந்து அடைச்சிக்கிடுவோம்னு திறந்தே போட்டுட்டுப் போயிட்டேன்."

மணல் சரியும் சத்தம் எங்கோ கேட்டது.

"எங்க வீட்டுக் கடவுன்னு நெனச்சிட்டேன். திறந்து கிடந்தா என்ன, ஒரு ஆட்டுக்குட்டி போவும். அவ்வளவுதானேன்னு."

"வண்டி விழுந்த பிறகு அந்த ஓரமா நடந்து வந்தீங்க," என்றார் நல்லக்கண்ணு.

"கேனைத் தூக்கிட்டு வந்தேன். கத்தினேன். எல்லாரும் வந்து அந்தப் பையனைத் தூக்கி அந்தப் பக்கம் கொண்டு போனாவ. பிறகு நான் மட்டும் நின்னேன். வழி திறந்து கிடந்துச்சு. இன்னொரு வண்டி வந்துரும்னு அடைச்சேன். சத்தியமா அதுக்குத்தான் அடைச்சேன். அடைச்ச பிறகுதான், நல்லவேளை யாரும் பாக்கலன்னு தோணிச்சு."

ஜெமியால் அவளைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. "உங்க அண்ணனுக்குத் தெரியுமா?"

"சொசைட்டி வாசல்ல நின்னான். 'வழியை அடைச்சிட்டு வந்தியாளா?'ன்னு கேட்டான்." முருகேஸ்வரி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "'அடைச்சிட்டேன்'னு சொன்னேன். அதைக் கேட்டுட்டுத்தான் அவன் வீட்டுக்குப் போனான். இல்லேன்னா அவனே மேல வந்து பாத்திருப்பான்."

அதுதான் லாக்கப்பில் அவன் விழுங்கிய வார்த்தை. ஜெமிக்கு இப்போது புரிந்தது.

"பிறகு எதுக்கு எங்களைக் கூப்பிட்டீங்க அக்கா?"

"அவன் முள்ளு போட்டான்னு தெரிஞ்சா அவனை விட்டுருவாவன்னு நெனச்சேன். அதோட முடிஞ்சிரும்னு."

"அவன் போட்டதை நான் நிரூபிச்சா, எடுத்தது யாருன்னு அடுத்த கேள்வி வரும்லாம்மா," என்றார் நல்லக்கண்ணு.

"அதை நான் நெனைக்கல." அவள் கூரையை அண்ணாந்து பார்த்தாள், அங்கே ஏதோ வழி இருப்பதைப் போல. "ராத்திரிதான் நெனச்சேன். நீங்க வராம இருந்தா நல்லதுன்னும் நெனச்சேன். வந்துட்டீங்க. வந்ததும் பின்னால ரோடும் போயிட்டு."

சிவப்பிரகாஷ் தொண்டையைக் கனைத்தார். "அப்போ யூனியன் மேலயும் தப்பில்ல. இந்தம்மா ஒத்துக்கிட்டாங்க. எல்லாம் கிளியர் ஆயிருச்சு."

"ஓவர்சியர் சார்," என்றாள் ஜெமி. குரலில் சிரிப்பே இல்லை. "இடிஞ்ச ரோட்டை அடைக்க இசக்கிராஜாவுக்கு நீங்க என்ன குடுத்து விட்டீங்க?"

சிவப்பிரகாஷ் கடுங்காப்பி டம்ளரைக் கையில் எடுத்தார்.

"ஒரு அருவா. அவ்வளவுதான். ஒரு தார்ப் பீப்பாய் இருந்தா இந்தக்கா வண்டியை நிறுத்தி யோசிச்சிருக்கும். ஒரு சிவப்பு விளக்கு இருந்தா ஜெனோ பிரேக்கை மிதிச்சிருப்பான். ரோட்டுக்கு அடியில தண்ணி போற குழாய் எப்ப அடைச்சுது? அதை எப்ப சுத்தம் பண்ணுனீங்க? அதையும் சொல்லத்தான் வேண்டியிருக்கும். முள்ளு உங்களைப் பத்தியும் சேத்துத்தான் பேசும்."

சாயங்காலம் தீயணைப்புக்காரர்கள் மேற்குப் பக்கமிருந்து கயிறு கட்டினார்கள். மண் விளிம்பில் ஒவ்வொருவராக வரலாம் என்று கத்தினார்கள். வளைவில் நின்று நல்லக்கண்ணு முருகேஸ்வரியிடம் சொன்னார்: "நான் போய் முள்ளைப் பத்தி மட்டும்தான் சொல்லுவேன். எடுத்தது யாருன்னு என் வாயால வராது, அதை நீதான் சொல்லணும். வரணும்னு கட்டாயம் இல்ல."

மகாராஜன் அவளுடைய கையைப் பிடித்திருந்தார். "ஏளா, உங்கண்ணன் ஆம்பள. தாங்கிக்கிடுவான்."

அவள் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். ஜெமியிடம், "அந்தப் பையனுக்கு அம்மா இருக்காளா?" என்று கேட்டாள்.

"இருக்காவ," என்றாள் ஜெமி.

முருகேஸ்வரி கம்பால் முள்ளைத் தள்ளி வழி விட்டாள். நல்லக்கண்ணு போனார், ஜெமி போனாள், ஓவர்சியர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போனார். கயிற்றைப் பிடித்தபடி ஜெமி திரும்பிப் பார்த்தபோது, கடைசியாக வந்த முருகேஸ்வரி குழிக்கு முன்னால் நின்றிருந்தாள். குனிந்து கிளைகளை ஒவ்வொன்றாக இழுத்து, வழியை அடைத்துக்கொண்டிருந்தாள். வெட்டுப்பட்ட அடிகள் அத்தனையும் இப்போது குழியைப் பார்த்துக் கிடந்தன.

இசக்கிராஜாவை விட்டுவிட்டார்கள். அவன் இன்னும் யூனியனில் தினக்கூலிதான். தங்கையோடு பேசுகிறான், அந்த நாளைப் பற்றிப் பேசுவதில்லை. முருகேஸ்வரியின் மேல் வழக்கு நடக்கிறது. ஜாமீனில் வந்து டீக்கடையில் இருக்கிறாள். சிவப்பிரகாஷை வேறு ஒன்றியத்துக்கு மாற்றினார்கள், விசாரணை முடியவில்லை. மேற்கு வளைவில் இப்போது கல் சுவர் கட்டியிருக்கிறார்கள், குழாய் புதிது. ரோடு திறக்கும் வரை நல்லக்கண்ணுவின் கார் உச்சியிலேயே நின்றது. அதன் மேல் ஆடுகள் படுத்துக்கிடந்தன. ஜெனோவைப் புன்னைக்காயலில் அடக்கம் செய்தார்கள். கல்லறைத் திருநாளுக்கு ஜெமி போனபோது, மெழுகுவர்த்திகளுக்கு நடுவில் ஒரு பெண் முந்தானையால் முகத்தை மூடி உட்கார்ந்திருந்தாள். ஜெனோவின் அம்மா அவளைப் போகச் சொல்லவில்லை, பேசவும் இல்லை.